வெளுத்த கை

அந்தத் தொழிற்சாலையில் கை சுத்தமாக இருப்பது குற்றம். அப்படி எங்கும் எழுதி ஒட்டவில்லை. ஆனால் கொதிகூடத்துப் பெண்கள் அத்தனை பேருக்கும் தெரியும்.

மரப்பட்டையை வெட்டி, ஊறவைத்து, வேகவைத்து, சாறு இறக்கும் இடம் கொதிகூடம். சேர்ந்த முதல் மாதத்தில் விரல் நுனியில் பழுப்பு ஏறும். வருஷம் திரும்புவதற்குள் மணிக்கட்டைத் தாண்டும். அதன்பிறகு சோப்புக்கும் மசியாது, கல்லுக்கும் மசியாது. அப்படிப்பட்ட கை ஒருநாள் திடீரென்று வெளுத்து வந்து நின்றால் ஒரே ஒரு அர்த்தம்தான். எலுமிச்சம்பழமும் சலவைச் சோடாவும் போட்டுத் தோல் உரியத் தேய்த்திருக்கிறாள். வேறு எங்கோ வேலை கேட்டுப் போயிருக்கிறாள். மேஸ்திரி அதைக் காலையில் வாசலிலேயே பிடித்துவிடுவார். "காயம் கீயம் இருக்கான்னு பாக்கணும், கையை நீட்டுங்க" என்பார். காயத்தோடு நீட்டிய கையை அவர் ஒருநாளும் பார்த்ததில்லை. வெளுத்த கையை ஒருநாளும் தவறவிட்டதில்லை.

இப்படி ஒரு நியாயம் உலகத்தில் வேறெங்காவது உண்டா என்று நெட்டை பலமுறை யோசித்திருக்கிறாள்.

அவளுக்கு அங்கே நெட்டை என்றுதான் பெயர். ஏணி போடாமல் தொட்டியின் அடிமட்டம் வரை துழாவக்கூடியவள் அவள் ஒருத்திதான். அந்த உயரம் அவளுக்கு எந்த நன்மையும் செய்ததில்லை. அடிமட்டத் துழாவலை அவள் தலையில் கட்டியது. முதலில் இங்கே வேலை பார்த்தது அவள் புருஷன். பட்டைக் கட்டுகளை லாரியிலிருந்து இறக்கும்போது கட்டோடு சேர்ந்து அவரும் இறங்கினார். முதுகு போயிற்று. தொழிற்சாலை வரிசை வீடுகளில் ஒன்றில் அவர்கள் குடியிருந்தார்கள். ஒரு அறை, தகரக் கூரை, மூலையில் அடுப்பு. வீடு வேலையோடு ஒட்டியது. வேலை போனால் அன்று சாயங்காலமே சாவியை ஒப்படைக்க வேண்டும். அதனால் புருஷன் படுத்த மறுநாளே அவர் இடத்துக்கு அவள் போனாள். "கூரைக்காகப் போறேன்" என்றாள் அன்றைக்கு. கூரைக்காகப் போனவள் பன்னிரண்டு வருஷமாகப் போய்க்கொண்டிருந்தாள்.

பட்டை வேகும்போது கூடத்தின் கதவை வெளிப்பக்கம் தாழ் போட்டுவிடுவார்கள். ஆவி வெளியே போய்விடுமாம். கூரையில் ஆள் நுழையும் அளவுக்கு ஓட்டை இருந்தது. அதன் வழியே போகாத ஆவி கதவு வழியே போய்விடும் என்று சொன்னவர்களுக்கும் சிரிப்பு வரவில்லை, கேட்டவர்களுக்கும் கேள்வி வரவில்லை. கேள்வி வந்தவள் நெட்டை. கேட்டதற்குக் கிடைத்த பதில், "உனக்கு வாய் ஜாஸ்தி."

அவளுக்குப் பதில் சொன்ன ஒரே ஆள் ஆய்வகத்து இளைஞன். லேப் சார் என்பார்கள். சாறு எடுத்துப்போக வரும்போது, கொதி அடங்கும்வரை நிற்பான். ஒருநாள் அவள் கேட்டாள்.

"ஏன் சார், பட்டை மட்டும் ஏன் இப்படித் துவர்க்குது?"

"மரத்தால ஓட முடியுமா அக்கா? புழு வருது, பூஞ்சை வருது, மாடு வந்து கடிக்குது. ஓட முடியாததுக்கு வேற என்ன வழி? தன்னைத் தின்ன முடியாதபடி ஆக்கிக்குது. கடிச்சவன் வாயில இருக்கிற புரதத்தையெல்லாம் பிடிச்சு இறுக்கிடும். அதைத்தான் நாம துவர்ப்புன்னு சொல்றோம். அதே இறுக்கல்தான் பச்சைத் தோலை அழுகவிடாம செருப்பாக்குது."

"அப்ப இது மரத்தோட கோபம்."

"கோபமெல்லாம் இல்லக்கா. டானின். ஃபீனால் வகைப் பொருள். அந்த வகையில மரத்துக்குள்ள ஆயிரம் இருக்கு. மரத்துல காயம் பட்டா அந்த இடத்துல இதுகளைக் கொண்டுவந்து சேர்க்கும். மரம் காயத்தை ஆத்தாது, தெரியுமா? சுத்திச் சுவர் மாதிரி அடைச்சு வெச்சுட்டு, அதுக்கு மேல வளரும்."

"எங்க வீடு மாதிரின்னு சொல்லுங்க."

அவன் சிரித்துவிட்டான். பிறகு சிரித்தது சரியா என்று யோசித்தவன் மாதிரி, சாற்றை உலர்த்தி எடுக்கும் பொடி எங்கெல்லாம் போகிறது என்று சொன்னான். தோல் தொழிற்சாலைக்கு, பலகை ஒட்டும் பசைக்கு, கலங்கிய தண்ணீரைத் தெளியவைக்க. அப்புறம் துருவைத் தடுக்கும் பெயின்ட்டுக்கு. துரு மேல் இதைப் பூசினால் துரு கறுத்து உறைந்து, மேற்கொண்டு பரவாது.

"இரும்பும் துவரும் சேர்ந்தா கறுப்பு. உங்களுக்குத் தெரியாததா?"

தெரியும். கூடத்தில் எல்லாருக்கும் தெரிந்த பாடம் அது ஒன்றுதான். இரும்பு பட்டால் தொட்டிச் சாறு முழுக்க மைக்கரைசலாகிவிடும். அதனால் தொட்டி மரம், குழாய் செம்பு, துடுப்பு மரம். கொண்டை ஊசி, சட்டைக் கொக்கி, சாவி எதுவும் உள்ளே வரக்கூடாது. காலையில் மேஸ்திரி ஒரு காந்தக் கட்டையை எடுத்துத் தலை முதல் இடுப்பு வரை தடவிப் பார்த்துத்தான் உள்ளே விடுவார். பெண்களின் தலையில் காந்தம் தடவும் வேலையை அவர் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

"பாத்து மேஸ்திரி, என் மனசு இரும்பு, ஒட்டிக்கப் போகுது" என்பாள் கொண்டைக்காரி. தேங்காய் அளவு கொண்டை. ஊசி கூடாது என்பதால் அதை ஒரு மரக்குச்சியால் குத்தி நிறுத்தியிருப்பாள். நெட்டையை விடப் பத்து வயது மூத்தவள், வாய் இருபது வயது மூத்தது.

இப்படியே ஓடியிருக்கும். மகள் பள்ளிப் படிப்பை முடித்த அன்று மேஸ்திரி வரிசை வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"உன் உயரம் அப்படியே வந்திருக்கு பொண்ணுக்கு. தொட்டிக்கு நல்லது. அடுத்த மாசத்துலேருந்து கூட்டிட்டு வா."

"அவ மேல படிக்கப்போறா."

"படிச்சு? ஒரு வீட்டுக்கு ரெண்டு கை வேணும்னு மேனேஜர் சொல்றாரு. வீடு கேட்டு எத்தனை பேர் காத்திருக்காங்க தெரியுமில்ல."

அவர் போனபிறகு புருஷன் கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "கொஞ்ச நாள் போகட்டுமே. தலைக்கு மேல கூரை இருக்குல்ல."

"பன்னெண்டு வருஷமா அந்தத் தகரத்தைப் பாத்துட்டு இருக்கீங்க. அது உங்களைத் திரும்பப் பாத்துதா?"

மகள் தட்டு கழுவிக்கொண்டிருந்தாள். நெட்டை அந்தக் கைகளைப் பார்த்தாள். நகம் நகமாக, ரேகை ரேகையாக இருந்தது. தன் உள்ளங்கையில் ரேகை எது, கறை எது என்று பிரித்துப் பார்க்க முடியாமல் போய் வெகுகாலம் ஆகிவிட்டது.

வருஷத்துக்கு ஒருமுறை கொதிகலனைச் சுத்தம் செய்ய ஒரு வாரம் கூடத்தை மூடுவார்கள். அந்த வருஷம் அதோடு சாறு ஏற்றும் பம்பையும் மாற்றினார்கள். அந்த வாரத்தில் அவள் எலுமிச்சம்பழம் வாங்கினாள். ஒரே கடையில் வாங்கினால் கடைக்காரன் வாய் சும்மா இருக்காது என்று தெருவுக்கு ஒன்றாக வாங்கினாள். சாறு, சோடா, கல். மறுபடி சாறு. விரல் இடுக்கில் ரத்தம் கசிந்தது. வாரக் கடைசியில், ஆஸ்பத்திரிகளுக்குப் போர்வையும் தலையணை உறையும் தைக்கும் கூடத்துக்குப் போய் நின்றாள். அங்கே கண்காணிப்பாளர் அம்மா ஒரு வெள்ளைத் துணியைக் கொடுத்து, நன்றாகப் பிசையச் சொன்னார். பிசைந்தாள். துணியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"ஒண்ணாம் தேதி வாங்க. தங்க இடமெல்லாம் கிடையாது, சொல்லிட்டேன்."

ஒன்றாம் தேதிக்கு இன்னும் பத்து நாள் கிடந்தது. அதற்குள் வாடகைக்கு ஒரு அறை பிடிக்க வேண்டும், முதுகு முடியாத மனுஷனை நகர்த்த ஏற்பாடு செய்ய வேண்டும். அதுவரை கொதிகூடத்துக்குப் போயாக வேண்டும். வெளுத்த கையோடு போனால் முதல் நாளே வீதி.

வீட்டுக்கு வந்து கையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து தேநீர்த் தூளைக் கொதிக்கவைத்தாள்.

"யாருக்கு இவ்வளவு டீ?" என்றார் புருஷன்.

"என் கைக்கு."

பின்பக்கம் பழைய தகர டப்பாவில் துருப்பிடித்த ஆணிகள் மழைத்தண்ணீரில் ஊறிக்கிடந்தன. அந்தத் தண்ணீரில் கையை முக்கினாள். பிறகு டிகாக்‌ஷனில் முக்கினாள். தேயிலையிலும் அதே துவர்தான். மறுபடி துரு, மறுபடி டீ. கண்ணெதிரே கை இருண்டது. மகள் வந்து எட்டிப் பார்த்தாள்.

"அம்மா, இது பழுப்பு இல்ல. கறுப்பா இருக்கு."

"இருட்டுல யாருக்குத் தெரியப்போகுது. கூடத்துல எல்லாம் ஒரே நிறம்தான்."

தப்புக் கணக்கு. பட்டைச் சாற்றில் மட்டும் ஊறிய கை செம்பழுப்பு. இரும்பும் சேர்ந்த கை நீலக் கறுப்பு. பன்னிரண்டு வருஷமாக இரும்பைத் தொடாமல் காத்த கூட்டத்தில், இரும்பு பட்ட கையோடு அவள் மட்டும் உள்ளே போனாள்.

திறந்த அன்று வானம் மூடிக்கிடந்தது. வாசலில் நெரிசல். மேஸ்திரி காந்தத்தைத் தடவினார், கையைப் பார்த்தார்.

"என்னடி, ஒரு மாதிரி இருக்கு?"

"லீவுல அடுப்புக் கரி அள்ளினேன்."

"போ, போ."

உள்ளே போனதும் தாழ்ப்பாள் வெளியே விழுந்தது. புது பம்ப் உறுமியது. மத்தியானம் மூடியைத் திறந்தபோது கொண்டைக்காரிதான் முதலில் பார்த்தாள்.

"அடியே... இதென்ன, கூடத்துல எவளாவது மை கொட்டினீங்களா?"

தொட்டி முழுக்கக் கறுப்பு. செந்தேன் நிறத்தில் இறங்க வேண்டிய சாறு, கொசு முட்டையிடும் சாக்கடை மாதிரி நின்றது. "கண்ணு பட்டிருச்சு" என்றாள் ஒருத்தி. புதுசாகத் திறந்த நாள் சரியில்லை என்றாள் இன்னொருத்தி. எத்தனை கண் பட்டாலும் எந்தத் தண்ணீரும் கறுத்ததாகச் சரித்திரம் இல்லை. இரும்பு பட்டால் கறுக்கும். இந்தச் சாற்றை வருஷக்கணக்காகக் கையில் பூசிக்கொண்டு வாழ்கிறவர்களையே கண்ணையும் நாளையும் பேசவைக்கிறதே பயம், அதைத்தான் சொல்ல வேண்டும்.

மேனேஜர் வந்தார். லேப் சார் வந்தான். எல்லாரையும் முற்றத்தில் வரிசையாக நிறுத்தினார்கள். அதற்குள் வெயில் வந்துவிட்டது.

"யார்கிட்ட இரும்பு இருந்துச்சு?" என்றார் மேனேஜர்.

மேஸ்திரி முந்திக்கொண்டார். "சார், நான் காந்தம் வெச்சுப் பாத்துதான் விட்டேன்." சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. எல்லாரையும் சரியாகப் பார்த்திருந்தால் இரும்பு உள்ளே போயிருக்க முடியாது. போயிருந்தால் அவர் சரியாகப் பார்க்கவில்லை. முகம் வேர்த்தது. "கையை நீட்டுங்க எல்லாரும்!"

நீட்டினார்கள். வெயிலில் இருபது ஜோடிச் செம்பழுப்புக் கை. நடுவில் ஒரு ஜோடி நீலக் கறுப்பு.

"கரி அள்ளினேன்னு சொன்னா சார்! கரியா இது?"

நெட்டை லேப் சாரைப் பார்த்தாள். அவன் கூடத்துக்குள் பம்பையே பார்த்துக்கொண்டிருந்தான். பளபளவென்று பச்சைப் பெயின்ட் அடித்த பம்ப். பெயின்ட்டுக்கு அடியில் வார்ப்பிரும்பு. பழையது செம்புக் கலவை. அவனுக்குத் தெரிந்துவிட்டது, அவனுக்குத் தெரிந்தது அவளுக்கும் தெரிந்தது. அந்தப் பம்பைப் பாதி விலைக்குப் பிடித்ததாக மேனேஜர் பெருமையடித்துக்கொண்டது ஊருக்கே தெரியும். லேப் சார் வாயைத் திறந்தான், மேனேஜரைப் பார்த்தான், மூடிக்கொண்டான். படிப்பு இருந்தது, விஷயம் தெரிந்தது, வேலையும் வேண்டியிருந்தது. இந்த மூன்றில் எது கனம் என்று அந்த முற்றத்தில் எல்லாரும் பார்த்தார்கள்.

மேஸ்திரி அவளைச் சுவரோரம் தள்ளிக்கொண்டு போனார். குரலைத் தாழ்த்தினார்.

"இங்க பாரு. ஊசி ஒண்ணு தெரியாம விழுந்துருச்சுன்னு சொல்லிடு. நான் மேனேஜர்கிட்டப் பேசறேன். வீடு உனக்கே இருக்கும். நாளைக்கே பொண்ணை வேலைக்கு அனுப்பிடு. விஷயம் இதோட முடிஞ்சுது."

"விழலைன்னா?"

"விழலைன்னா கை ஏன் இப்படி இருக்குன்னு சொல்லு."

சொன்னால் வீடு போகும். சொல்லாவிட்டால் மகள் போவாள். நெட்டை வரிசை வீடுகளின் பக்கம் திரும்பினாள். அங்கிருந்து பார்த்தால் அவர்கள் வீட்டுக் கூரை தெரியும். தகரம் வெயிலில் மின்னியது. ஓட முடியாதது துவர்க்கும் என்று லேப் சார் சொன்னது நினைவுக்கு வந்தது. மரத்துக்குச் சரி. மரத்துக்குக் கால் இல்லை.

வரிசைக்குத் திரும்பி வந்து எல்லாருக்கும் கேட்கிறாற்போல் சொன்னாள்.

"ஊசியும் விழல, ஒண்ணும் விழல. நான் வேற வேலை கேட்டுப் போனேன். அதுக்காகக் கையை வெளுத்தேன். உங்களுக்குத் தெரியக்கூடாதுன்னு துருவும் டீயும் போட்டுக் கறுப்பாக்கினேன். அவ்வளவுதான்."

"நல்லாக் கதை விடுற" என்றார் மேனேஜர். "வெளுத்த கைக்கு என்ன சாட்சி?"

"ஒரு எலுமிச்சம்பழம் கொடுங்க. காட்டறேன்."

மேஸ்திரிக்குச் சிரிப்பு வந்தது. "இங்க என்ன பழக்கடையா வெச்சிருக்கோம்?"

அப்போது கொண்டைக்காரி தன் சாப்பாட்டுப் பையைத் துழாவினாள். துழாவி, தயங்கி, எடுத்தாள். மஞ்சளாக, உருண்டையாக ஒரு பழம். முற்றம் முழுக்க அதைப் பார்த்தது. பிறகு அவளைப் பார்த்தது.

"உன்கிட்ட ஏது பழம்?" என்றார் மேஸ்திரி.

"பித்தம்."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். கொண்டைக்காரி பழத்தை நெட்டையின் கையில் வைத்தாள். "சீக்கிரம் பிழிடி. இனிமே எனக்கும் இங்க சோறு கிடையாது."

நெட்டை பழத்தைப் பல்லால் கிழித்து உள்ளங்கையில் பிழிந்தாள். வெடிப்புகளில் சாறு இறங்கியபோது கண்ணில் நீர் முட்டியது. தேய்த்தாள். கறுப்பு கரைந்து முழங்கை வழியே வழிந்தது. அடியில் பழுப்பு இல்லை. வெளிறி, செத்துப்போன மாதிரி, அங்கங்கே சிவந்த தோல். பன்னிரண்டு வருஷமாகச் சாற்றில் நின்றவளின் கை அப்படி இருக்க முடியாது என்பது அங்கிருந்த ஒவ்வொருவருக்கும் தெரியும்.

"இப்ப பம்பைக் கழற்றிப் பாருங்க" என்றாள்.

மேனேஜர் பம்பின் பக்கம் திரும்பவே இல்லை. "சாயங்காலத்துக்குள்ள சாவியைக் கொடுத்துட்டுப் போ. ரெண்டு பேரும்தான்."

வீட்டில் சொன்னபோது புருஷன், "சரி, என்னை எப்படித் தூக்குவே?" என்றார்.

"கட்டோட கட்டாத்தான். லாரியிலேருந்து இறங்கின மாதிரி."

அவர் சிரிக்கவில்லை. ஆனால் தலையணைக்கு அடியிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்தார்.

வாடகை வண்டியில் பாயும் பாத்திரமும் ஏறின, அவரும் மகளும் ஏறினார்கள். வாசலில் மேஸ்திரி பழக்கதோஷத்தில் காந்தக் கட்டையை வண்டியின் பக்கம் நீட்டினார். இரும்புச் சட்டியில் அது டக்கென்று போய் ஒட்டிக்கொண்டது. பிடுங்க முடியாமல் இழுத்தார். மகள் இறங்கி, சட்டியிலிருந்து அதைச் சரித்து எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

அதே நேரத்தில் கூடத்துக்குள்ளிருந்து கூச்சல் வந்தது. மத்தியானத்துக்குப் பிறகு ஏற்றிய இரண்டாவது தொட்டி. நெட்டையும் இல்லை, கொண்டைக்காரியும் இல்லை, சாறு கறுத்துவிட்டது. லேப் சார் படியில் நின்று இவர்களைப் பார்த்தான். கையை அரைவாசி தூக்கினான். நெட்டை வண்டியைப் போகச் சொன்னாள்.

ஒன்றாம் தேதி வரை கொண்டைக்காரியின் தம்பி வீட்டுப் பின்கட்டில் இரண்டு குடும்பமும் முட்டிமோதிக்கொண்டு கிடந்தன. ஒரே அறை. திரும்பிப் படுக்க வேண்டுமானால் சொல்லிவிட்டுத் திரும்ப வேண்டும். "இதுக்கு அந்தத் தொட்டியே தேவலாம்டி" என்று தினமும் ஒருமுறை கொண்டைக்காரி சொல்வாள். நெட்டைக்கும் சில சாயங்காலங்களில் அப்படித்தான் தோன்றும். மகள் மூலையில் கால் நீட்ட இடமில்லாமல் உட்கார்ந்து, மேல்படிப்பு விண்ணப்பத்தை முழங்கால் மேல் வைத்து நிரப்பினாள். அந்தக் கையைப் பார்த்ததும் தோன்றியது போய்விடும்.

ஒன்றாம் தேதி தையல் கூடத்து வாசலில் கண்காணிப்பாளர் அம்மா சொன்னார். "கையைக் காட்டுங்க."

நெட்டை தன் கையைப் பார்த்தாள். இங்கேயும் கை. நீட்டினாள்.

"என்னம்மா, இவ்வளவு வெடிப்பு? புண்ணா?"

"எலுமிச்சம்பழம்."

"ஆறுற வரைக்கும் மருந்து போட்டுக் கட்டிட்டுத் தைங்க. துணியில பட்டுடக்கூடாது." அவ்வளவுதான் அக்கறை. துணியின் மேல். ஆனால் காயத்தைப் பார்த்தார். அதை நெட்டை குறித்துக்கொண்டாள்.

அடுத்து நீட்டியவள் கொண்டைக்காரி. இடைப்பட்ட நாளில் அவளும் கையைத் தேய்த்து வெளுத்து இங்கே வேலை வாங்கியிருந்தாள். நீட்டிக்கொண்டே நெட்டையின் காதில், "என் பழத்தை வீணாக்கினே. பித்தம் இன்னும் தெளியல" என்றாள்.

உள்ளே நீள வரிசையில் தையல் இயந்திரங்கள். ஜன்னல்கள் உயரத்தில் இருந்தன. எட்டாத உயரம் மற்றவர்களுக்கு. கடைசிப் பெண்ணும் நுழைந்ததும் கதவு சாத்தப்பட்டது. அந்தச் சத்தத்துக்கு நெட்டையின் முதுகு விறைத்தது. உட்காரப் போனவள் நின்று, திரும்பி, கதவைப் பார்த்தாள்.

தாழ்ப்பாள் உள்பக்கம் இருந்தது.